கேள்வி – பதில்: பல்கலைக்கழக அறிவிப்பு ஏன் பிந்தி வருகிறது?

கேள்வி: என் மகள் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாள் முடிந்த பிறகுதான் விவரமே தெரிந்தது, அபராதத்தோடு கட்டினோம். பல்கலைக்கழகம் மாணவருக்கு நேரடியாகச் சொல்லாதா?
– ஒரு தாய், குழித்துறை

பதில்: பெரும்பாலும் சொல்லாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சுற்றறிக்கை முதல்வர் பெயருக்குத்தான் வரும். பிறகு அலுவலகம், துறைத்தலைவர், வகுப்பாசிரியர், கடைசியாக வகுப்பு வாட்ஸ்அப் குழு. நடுவில் ஒருவர் விடுப்பில் போனாலே இரண்டு நாள் கரைந்துவிடும்.

கெடுவும் ஒன்றல்ல. மாணவர் அபராதமின்றிக் கட்டும் நாள், அபராதத்தோடு கட்டும் நாள், கல்லூரி மொத்தமாகச் செலுத்தும் நாள் என்று தனித்தனியே இருக்கும். பட்டியல் தயாரிக்க அவகாசம் வேண்டும் என்பதால், கல்லூரி தன் கெடுவை முன்னதாகவே வைக்கும். மகள் அந்தக் கெடுவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வை நடத்துவதே கல்லூரிதான். பல்கலைக்கழக இணையதளத்தில் தேடிப் பயனில்லை.

அதிகம் பாதிக்கப்படுவது, அரியரோடு படிப்பை முடித்துப் போனவர்கள். வகுப்புக் குழு கலைந்திருக்கும், வேலைக்காக வெளியூர் போயிருப்பார்கள். இவர்களுக்கும் தகவல் போய்ச் சேரக் கல்லூரிகள் தனியாக ஒரு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். அதுவரை, தேர்வுப் பிரிவு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேட்டுக்கொள்வதே வழி.

வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கையின் படம் வந்தால் சுற்றறிக்கை எண், தேதி, எந்த ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு என்பது மூன்றையும் பாருங்கள். தேதியை வெட்டிவிட்டுப் பழைய படத்தை அனுப்புகிறவர்கள் உண்டு.

கேள்வி: டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழா, ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். அன்று பல்கலைக்கழகத் தேர்வு இருந்தால்?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: விடுமுறை நம் மாவட்டத்துக்கு, தேர்வு அட்டவணை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிக்கும் சேர்த்து. தேர்வு தள்ளிவைக்கப்பட்டதாகச் சொல்ல வேண்டியவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். அவரிடமிருந்து அறிவிப்பு வராதவரை தேர்வு உண்டு என்றே கொள்ளுங்கள். மழை விடுமுறைக்கும் இதே கணக்கு. தொலைக்காட்சியில் ஓடும் வரியை நம்பி வீட்டில் இருந்துவிட வேண்டாம். காலையிலேயே தேர்வு மையத்துக்குப் போன் செய்து கேளுங்கள்.

கேள்வி: ஒரு தாளுக்கு மதிப்பெண்ணே ஏறவில்லை. மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை.
– மாணவி, தக்கலை

பதில்: மெயிலின் தலைப்பிலேயே பதிவெண், பாடப்பிரிவு, பருவம், தாள் குறியீடு நான்கும் இருக்கட்டும். 'மார்க் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. கூடவே முதல்வர் வழியாக எழுத்து மனு கொடுங்கள். ஹால் டிக்கெட் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பின்னால் பேசப்போவது அந்த முத்திரைதான்.

அதற்கும் அசையவில்லை என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி கல்லூரியில் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் போங்கள். குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தருவது முறை. முடிவு ஒப்பவில்லையென்றால், அது கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: போன் நம்பர் மாறிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமா?
– மாணவர், குளச்சல்

பதில்: உடனே கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். ஆதாரிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சான்றிதழ்களை இணையத்தில் வைத்திருக்கும் அரசின் டிஜிலாக்கருக்கான ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும்.