வாரன்ட்டி முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் சிங்கப்பூரில் ஒரு கார் வியாபாரியிடம் 12 வயதான சிறிய செடான் ஒன்றை 36,500 வெள்ளிக்கு வாங்கினேன். காரை வைத்து ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇயை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டி. முதலில் ஏர்கான் கம்ப்ரசர் போனது. 650 வெள்ளி கொடுத்து மாற்றினேன். இப்போது சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி உதறுகிறது. காக்கி புக்கிட் பட்டறையில் கியர்பாக்ஸுக்கு 4,300, எஞ்சின் மவுண்டிங், புஷ் மாற்ற 780 கேட்கிறார்கள். வியாபாரியோ, “மூணு மாச வாரன்ட்டி முடிஞ்சிருச்சு, உள்ளது உள்ளபடின்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க” என்கிறார். என்ன செய்யலாம்? — ஈசூன் வாசகர்

பதில்: கியர்பாக்ஸை இன்னும் பிரிக்கவில்லைதானே? பிரிக்கவே வேண்டாம். பழுதைச் சரிசெய்து தரச் சொல்லி முதலில் விற்றவரிடம்தான் போக வேண்டும். நீங்களே பிரித்துவிட்டால், “என்கிட்ட கொண்டுவந்திருந்தா நானே பார்த்திருப்பேனே” என்பார்; காட்டுவதற்குப் பழைய கியர்பாக்ஸும் இருக்காது. கம்ப்ரசருக்குக் கொடுத்த 650 வெள்ளியைத் திரும்பக் கேட்பது கடினம் என்பதும் இதனால்தான்.

வாரன்ட்டி அவராகக் கொடுத்தது. சட்டம் கொடுப்பது வேறு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் ‘லெமன் சட்டம்’ பழைய கார்களுக்கும் உண்டு. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்த அன்றே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. ஆறு மாதம் தாண்டினால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியைக் காட்டி இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

ஆனால் 12 வயது வண்டியைப் புது வண்டியின் அளவுகோலால் யாரும் அளக்க மாட்டார்கள். புஷ்ஷும் மவுண்டிங்கும் ரப்பர், தேயத்தான் செய்யும். அந்த 780ஐ விட்டுவிடுங்கள். அதையும் சேர்த்துக் கேட்டால் கியர்பாக்ஸ் கோரிக்கையின் மதிப்பும் குறையும். அதேபோல், வாங்குமுன் சோதனை அறிக்கை வாங்கினீர்களா என்று பாருங்கள். அதில் ‘கியரில் லேசான உதறல்’ என்று எழுதி உங்களிடம் காட்டியிருந்தால், அந்தக் குறையைப் பற்றி இப்போது பேச இடமில்லை. “இன்ஸ்பெக்‌ஷன் பாஸான வண்டி” என்று அவர் சொன்னால் மிரள வேண்டாம். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனை, கியர்பாக்ஸ் எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்வதற்காக அல்ல.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம்: ஒப்பந்தத்தில் ‘விற்பவர்’ என்று யார் பெயர் இருக்கிறது? கன்சைன்மென்ட்டில், அதாவது உரிமையாளர் சார்பில் வியாபாரி விற்றுக்கொடுத்த வண்டியென்றால், அங்கே பழைய உரிமையாளர் பெயர் இருக்கலாம். தனியாள் தனியாளுக்கு விற்றால் லெமன் சட்டம் வராது.

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் எகிறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கைப்பேசியில் வீடியோ எடுக்கட்டும். அதையும் பட்டறையின் கொட்டேஷனையும் வைத்து, 14 நாள் கெடு கொடுத்து, சொந்தச் செலவில் சரிசெய்து தரும்படி வியாபாரிக்கு எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது எதற்கும் உதவாது. வாட்ஸ்அப் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும். மறுத்தால் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், வண்டியையே திருப்பிக் கொடுக்கவும் கோரலாம். பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ சமரசம் பேச உதவும். அடுத்தது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 4,300 வெள்ளிக்கு நீங்கள் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வர முடியாது, எனக்கு அங்கே வேலையில்லை. வண்டியையே திருப்பி 36,500 கேட்பதென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போக வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கியர்பாக்ஸோடு நிறுத்திக்கொள்வேன்.

கடனில் வாங்கியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வியாபாரி இறங்கிவந்து சரிசெய்து கொடுத்தால், வண்டியை எடுக்கும்போது ஒரு தாளை நீட்டக்கூடும். அதில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல், ‘வண்டி பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.