கேள்வி – பதில்: கீபோர்டில் அறுநூறு டோன், திரையில் 128 பெயர்

கேள்வி: யமஹா கீபோர்டைக் கணினியோடு இணைத்து, கேக்வாக் என்ற இசைப்பதிவு மென்பொருளில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு டிராக் போடுகிறேன். கீபோர்டில் அறுநூறுக்கும் மேல் டோன் இருக்கிறது. திரையில் வருவதோ 128 பெயர்தான். தாள வாத்தியங்களும் வெறும் சுர எழுத்தாகத்தான் தெரிகின்றன. வழி உண்டா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. நீங்கள் பார்க்கும் 128 பெயரும் 1991-இல் வந்த ஜெனரல் மிடி பட்டியல். மிடி என்பது கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை; அதில் டோனைத் தேர்ந்தெடுக்கும்போது போவது எண்கள்தான். எந்த எண்ணுக்கு என்ன பெயர் என்று மென்பொருளுக்கு நாம்தான் எழுதித் தர வேண்டும். அதுதான் இன்ஸ்ட்ருமென்ட் டெஃபினிஷன் ஃபைல். நோட்பேடிலேயே எழுதலாம், பெயரின் கடைசியில் ஐஎன்எஸ் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கீபோர்டின் டோன் பட்டியலான டேட்டா லிஸ்டை எடுங்கள். ஒவ்வொரு டோனுக்கும் எதிரே எம்எஸ்பி, எல்எஸ்பி, புரோகிராம் என்று மூன்று எண் இருக்கும். எம்எஸ்பியை 128-ஆல் பெருக்கி எல்எஸ்பியைக் கூட்டினால் கேக்வாக் கேட்கும் பேங்க் (டோன் தொகுப்பு) எண் கிடைக்கும். எம்எஸ்பி 0, எல்எஸ்பி 112 என்றால் பேங்க் 112. யமஹாவின் எக்ஸ்ஜி முறையில் டிரம் கிட்டுக்கு (தாள வாத்தியத் தொகுப்புக்கு) 127, 0; பேங்க் 16256. பெரிய எண்ணாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம், சரிதான்.

மூன்றாவது எண்ணில்தான் பலர் வழுக்குகிறார்கள். டேட்டா லிஸ்ட் பெரும்பாலும் 1 முதல் 128 வரை எண்ணும்; ஃபைல் 0 முதல் 127 வரை. ஆகவே ஒன்றைக் கழித்தே எழுதுங்கள். ஜெனரல் மிடியில் சிதார் 105. ஃபைலில் அது 104. கழிக்காமல் விட்டால் சிதாரைத் தேர்ந்தெடுக்கும்போது பாஞ்சோ ஒலிக்கும்.

அறுநூறையும் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். மேடையில் நீங்கள் தொடுகிற டோன்களை மட்டும் முதலில் எழுதுங்கள்.

தாளத்துக்கு நோட் நேம்ஸ் என்று தனிப் பகுதி உண்டு. அங்கே சுர எழுத்தை நம்பாமல் மிடி எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்: 60 என்ற ஒரே கட்டை யமஹாவில் சி3, ரோலண்டில் சி4. 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட் என்பவை பொது. இந்திய கிட் இருந்தால் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேட்டு, காதில் விழுகிற சொல்லையே எழுதுங்கள்: தொம், நம், சாபு. மிருதங்கம் ஒன்று, இரண்டு என்று எழுதி வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அது உதவாது. சாபு என்று திரையில் தெரிந்தால் கை தானாக அங்கே போகும். நான் இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன்.

முடித்ததும் ஃபைலை இம்போர்ட் செய்து, கீபோர்டின் போர்ட்டுக்கும் சேனலுக்கும் அந்த இன்ஸ்ட்ருமென்டை ஒதுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய 128 பெயர்தான் திரும்ப வரும்.

கேள்வி: நண்பர் தன் ரோலண்டுக்கு எழுதிய ஃபைலை என் யமஹாவுக்குப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். ஒரு டோனின் மாற்று வடிவங்களை ரோலண்டின் ஜிஎஸ் முறை எம்எஸ்பியில் வைக்கிறது, யமஹாவின் எக்ஸ்ஜி முறை எல்எஸ்பியில் வைக்கிறது. பெயர் ஒன்று காட்டும், ஒலி வேறு வரும். அவருடைய ஃபைலின் அமைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு, எண்களை உங்கள் டேட்டா லிஸ்டிலிருந்து போடுங்கள்.