சரிவில் ஒரு சின்ன வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மலையில் விலைக்கு வந்த ஒரு நிலத்தைப் பார்த்தோம். ஊரைவிட்டு ஒதுங்கிய இடம். அருமையான காட்சி, நிலத்துக்குச் சற்று மேலே ஓர் ஊற்று, வீடு கட்ட வாகாக ஒரு சமதளம். 50 சதுர மீட்டரில் சின்னதாக ஒரு வீடு கட்டி, பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கணவரும் அங்கேயே இருந்துவிட ஆசை. முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சரிவு நிலங்களில் வீடு கட்டித் தருவதுதான் என் தொழில். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கனமழை விட்ட கையோடு ஒரு முறையும், வறண்ட காலம் முடியும் தறுவாயில் ஒரு முறையும் அந்த நிலத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது முதல் முறை தெரியும். குடிக்கத் தண்ணீர் மிஞ்சுமா என்பது இரண்டாம் முறை தெரியும். வெயில் அடிக்கும் நல்ல நாளில் மட்டும் பார்த்துவிட்டு மலையில் நிலம் வாங்காதீர்கள்.

ஊற்றை முதலில் பார்ப்போம். ஒரு 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 5 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 2 லிட்டர். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு 2,880 லிட்டர்! தொட்டி கட்டிச் சேமித்தால் இரண்டு பேருக்குத் தாராளம். ஆனால் வறண்ட காலத்தின் கடைசியில் எடுத்த அளவைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஊற்று வீட்டைவிட 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் மோட்டாரே தேவையில்லை, குழாயில் அழுத்தம் தானாகக் கிடைக்கும். இன்னொன்று: ஊற்று நிலத்துக்கு ‘மேலே’ இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது யாருடைய நிலம்? தண்ணீர் எடுக்கவும் குழாய் பதிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று பத்திரத்தில் இல்லாவிட்டால், அந்த ஊற்று உங்களுடையதல்ல என்று வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மழைநீரும் கைகொடுக்கும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் 50 சதுர மீட்டர் கூரையில் 50,000 லிட்டர் விழுகிறது. வீணாவது போக 40,000 லிட்டராவது சேர்க்கலாம்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் வாகாக இருக்கிறது என்று எழுதியிருக்கும் அந்தச் சமதளம்தான். செங்குத்தான மலையில் தானாக ஒரு சமதளம் அமைந்திருந்தால், அது எப்படி வந்தது என்று கேட்டாக வேண்டும். அதற்கு மேலே ஓர் ஓடையோ, குடைந்தெடுத்ததுபோல் ஒரு பள்ளமோ இருக்கிறதா? இருந்தால், முன்பு எப்போதோ சரிந்து வந்த மண்ணும் கல்லும் குவிந்த இடமாக அது இருக்கலாம். ஒரு தடவை வந்த வழியில் மறுபடியும் வரலாம்.

வேறு அடையாளங்களும் உண்டு. அடிமரம் வளைந்து பிறகு நேராக நிமிர்ந்த மரங்கள், ஒரே பக்கம் சாய்ந்த வேலிக் கம்பங்கள், பிறை வடிவ வெடிப்புகள், சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் ஈரமும் கோரைப்புல்லும். மண்ணுக்குள் தண்ணீர் ஏறி அழுத்தும்போது மண்துகள்களுக்கு இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. அந்த நேரத்தில் சரிவின் அடியை வெட்டினாலும், மேலே மண் கொட்டினாலும் ஆபத்துதான். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால்கூட, மண் ஆய்வு செய்யும் பொறியாளரைக் கூட்டிப் போகாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

இடம் தேறிவிட்டால், வீட்டின் நீளத்தைச் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் ஓடும்படி வையுங்கள். வெட்டும் மண் குறையும். மலையை வெட்டிச் சமன் செய்வதைவிடத் தூண்கள் மேல் வீட்டை நிறுத்துவதே எனக்குப் பிடித்தது. தடுப்புச் சுவர் தவிர்க்க முடியாது என்றால், அதன் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் நீர் வடியத் துளை விட வேண்டும். பல சுவர்கள் மண்ணின் பாரத்தைத் தாங்கிவிடும்; பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தில்தான் சாய்கின்றன. செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரும் சரிவுக்குள் இறங்கும் தண்ணீர்தான். அது எங்கே போய் ஊறும், கீழே யார் வீட்டுக் கிணறு இருக்கிறது என்றெல்லாம் பார்த்துத்தான் இடம் குறிக்க வேண்டும்.

கேள்வி: நிலத்துக்குப் போகும் வழி அடுத்தவர் நிலத்தின் ஊடாகப் போகிறது. “காலங்காலமாக எல்லோரும் நடக்கிற வழிதான்” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நாளை அந்த அடுத்த நிலம் கைமாறினால், புதிதாக வருபவர் வேலி போடலாம். வழியின் அகலம், வண்டி போகலாமா, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கொண்டுபோகலாமா, மழையில் அரித்தால் யார் செலவில் சரிசெய்வது, இத்தனையும் எழுத்தில் வந்து பதிவாக வேண்டும். அந்தந்த இடத்துச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, நிலத்தில் வில்லங்கம் உண்டா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

அப்புறம் வழியின் ஏற்றம். 100 மீட்டர் தூரத்துக்குள் 15 மீட்டருக்கு மேல் ஏறினால், ஈரத்தில் சாதாரண வண்டி திணறும். வளைவில் லாரி திரும்ப முடியாவிட்டால் சிமெண்டும் கம்பியும் தலைச்சுமையாகத்தான் வரும். அந்த மாதிரி இடத்தில் கனமான கான்கிரீட் வீட்டைத் திட்டமிடாதீர்கள்; எடை குறைந்த சட்டகம் (ஃபிரேம்), தகரக் கூரை போதும். வயதானவர்கள் இருக்கப் போகிற வீடு என்றால், ஆம்புலன்ஸ் வாசல்வரை வருமா என்பதை வேறு எதற்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நாடா பிடித்து அளந்ததைவிடப் பத்திரத்தில் பரப்பு குறைவாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. நில அளவை மேலிருந்து பார்த்த கிடைமட்ட அளவு. 30 பாகை சரிவில் 20 மீட்டர் கிடைமட்டத் தூரம் உங்கள் நாடாவில் 23 மீட்டர் காட்டும். இருந்தாலும் எல்லைக் கற்களை சர்வேயரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளத்தாக்கின் அடியில் ஒரு மனை, உச்சியில் ஒரு மனை. எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம், நடுவில் கிடைக்குமா என்று பாருங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும். உச்சியில் காற்று ஓயாது. காட்டுத் தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். பூமத்திய ரேகைக்கு வடக்கே என்றால் தெற்குச் சரிவிலும், தெற்கே என்றால் வடக்குச் சரிவிலும் குளிர்கால வெயில் அதிகம் கிடைக்கும். எங்கே கட்டினாலும் வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் காய்ந்த புதர்களை அண்டவிடாதீர்கள்.