மகளுக்குத் தமிழில் அறிவியல் புனைகதை: ஜீனோவிலிருந்து ஆரம்பியுங்கள்

குடியாத்தம் நண்பருக்கு, ஒன்பதாவது படிக்கும் மகள் ஹாரி பாட்டரை முடித்துவிட்டாள், தமிழில் தடித்த புத்தகத்தைப் பார்த்தாலே ஓடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஜெயமோகனின் தடித்த நாவலான ‘விஷ்ணுபுரம்’ வாங்கிக் கொடுத்தால் ஓடத்தான் செய்வாள் சார்! அது பத்து வருஷம் கழித்து.

முதலில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கதை நடப்பது 2021இல். கதையில் வரும் நாட்டில் ஆட்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி. ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், வாதாடும். நாயை வைத்தே அவளை இழுத்துவிடலாம். தொடர்கதை என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, அடுத்தது என்ன என்று புரட்ட வைக்கும். பிடித்தால் ‘மீண்டும் ஜீனோ’ இருக்கிறது.

வேலூர் மே மாத வெயிலில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நான் இதைப் படித்தேன். நூலகப் பிரதியில் கடைசி நான்கு பக்கத்தை யாரோ கிழித்திருந்தார்கள். அதனால் சொல்கிறேன், இரவல் வாங்கினால் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

மாயம், சாகசம்தான் வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. இமயமலையில் யெட்டி என்கிற பனிமனிதனைத் தேடிப் போகிற கதை, சிறுவர்களுக்காகவே எழுதியது. அப்புறம், “படிச்சியா?” என்று தினமும் கேட்காதீர்கள்.