கடல் ஏறுகிறதா, தரை இறங்குகிறதா?

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவின் ஜகார்த்தா மூழ்குவதற்கு ஆழ்துளைக் கிணறுகள்தான் முதல் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். கடல் மட்டம் உயர்வதால்தானே தலைநகரையே மாற்றுகிறார்கள்? சரி, நிலத்தடி நீர்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மழைநீரை உள்ளே இறக்கினால் நிலம் பழையபடி மேலே வந்துவிடாதா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

கடல் உயர்வது உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். வடக்கு ஜகார்த்தாவின் சில பகுதிகளில் தரை ஒரே ஆண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. 1970-களிலிருந்து சேர்த்துப் பார்த்தால் சில இடங்களில் 4 மீட்டர் வரை வரும். இதை வைத்துக்கொண்டு பழியைக் கடல்மீது மட்டும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கே முவாரா பாரு என்ற பகுதி இருக்கிறது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் தெரு. தெருவைவிடக் கடல் உயரத்தில் நிற்கிறது. வால் அதுனா என்ற பள்ளிவாசல் சுவருக்கு வெளியே மாட்டிக்கொண்டு, பாதி தண்ணீருக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் வீட்டுத் தரையை மண் கொட்டி உயர்த்துகிறார்கள். கூரை இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படியே உயர்த்திக்கொண்டு போனால் ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும், நிலைப்படியில் தலை இடிக்கும். ஊருக்குள் 13 ஆறுகள் ஓடுகின்றன. தாழ்வான பகுதிகளில் நீர் கடலில் தானாக வடிய வழியில்லாமல், பம்பு வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆறுகளின் நீர் குடிக்க லாயக்கில்லை, குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் வரவில்லை. அதனால் வீடு, ஓட்டல், தொழிற்சாலை என்று எல்லோரும் பூமியைத் துளைத்தார்கள். கட்டடங்களின் எடையும், வண்டல் மண் தானாகவே அமுங்குவதும் காரணங்கள்தான், ஆனால் அவை சிறிய பங்கு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை களிமண்ணில் இருக்கிறது. மணல் அடுக்கிலிருந்து நீரை உறிஞ்சினால், அதை ஒட்டிய களிமண் அடுக்கும் மெல்லத் தன் நீரை இழக்கும். களிமண் துகள்கள் தட்டையானவை. தாறுமாறாகக் கிடக்கும் அவற்றின் இடைவெளியில்தான் நீர் இருந்தது. அது போனதும் மேலே உள்ள பாரம் அழுத்த, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு மழைநீரை இறக்கினாலும் மணல் கொஞ்சம் நிமிரும், களிமண் நிமிராது.

தோக்கியோவைப் பாருங்கள். கோட்டோ பகுதி 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், நிலத்தடி நீரை இறைத்துவந்த தொழிற்சாலைகள் முடங்கியபோது இறக்கமும் நின்றது. அவை திரும்ப ஓடத் தொடங்கியதும் தரை திரும்ப இறங்கியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? 1956-லும் 1962-லும் சட்டம் போட்டார்கள், தொழிற்சாலைகளுக்கு மாற்று நீர் கொடுத்தார்கள். 1970-களில் இறக்கம் பெருமளவு நின்றது. அப்புறம் நிலத்தடி நீர் ஏறிய வேகத்தில் தோக்கியோ, உவெனோ ரயில் நிலையங்களின் சுரங்கப் பகுதிகள் மிதந்து எழும்பிவிடாதபடி பிடித்துவைக்க வேண்டியிருந்தது. நீர் அவ்வளவு திரும்பியும் கோட்டோவின் தரை திரும்பவில்லை. இன்றும் அங்கே மக்கள் கரைகளையும் பம்புகளையும் நம்பித்தான் குடியிருக்கிறார்கள்.

புதிய தலைநகர் அறிவிப்பு 2019-இல் வந்தது. அரசு அலுவலகங்கள் போனாலும், ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் ஜகார்த்தாவில்தான் இருப்பார்கள். கடற்சுவரை உயர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் அந்தச் சுவரும் இறங்கும் தரைமீதுதான் நிற்கிறது. ஆகவே சுவரின் உயரத்தைவிட, முவாரா பாரு சந்துகளுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது போய்ச் சேரும் என்பதைத்தான் நான் கவனித்துவருகிறேன்.