நாள் முழுக்க நிற்பவரின் கெண்டைக்கால்

கேள்வி: எனக்கு 43 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை 10 மணிக்கு நின்றால் இரவு 9 வரை நிற்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கெண்டைக்கால் இரண்டும் இறுகிப்போய், கணுக்கால் வீங்கிவிடுகிறது. நடுராத்திரியில் ஆடுசதை சுண்டி இழுத்து அலறிக்கொண்டு எழுகிறேன். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது, நாலு அடி நடந்தால் குறைகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மருந்துக்கடையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள், பலன் இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை. வேலையை விட்டால்தான் சரியாகுமா?

பதில்: விட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நரம்பைவிடத் தசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மரத்துப்போவது, பாதம் எரிவது, ஊசி குத்துவது போன்ற எதையும் நீங்கள் எழுதவில்லை.

கெண்டைக்காலில் புடைப்பாகக் கைக்குத் தட்டுப்படுவது காஸ்ட்ராக்னீமியஸ் என்ற மேல் தசை. முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் இரண்டு தலைகளாகத் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக, அகலமாக இன்னொரு தசை இருக்கிறது. அதன் பெயர் சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து அக்கிலிஸ் தசைநாணாகிக் குதிகால் எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. ஓட, தாவ மேல் தசை அதிகம் உதவும். நிற்பதற்குச் சோலியஸ்தான். நாம் நிற்கும்போது உடலின் எடை கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அப்படியே விட்டால் முன்பக்கம் சாய்ந்துவிடுவோம். சாயாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது சோலியஸ். எளிதில் களைக்காத நார்கள் நிறைந்த தசைதான், ஆனாலும் அதற்கு ஓர் அளவு உண்டு.

அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சோலியஸுக்குள் பெரிய சிரைகள் ஓடுகின்றன. நடக்கும்போது தசை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் அவற்றைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். கீழே திரும்பி வராமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பார்த்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் தசை பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும், பிழியாது. ரத்தம் கீழே தேங்கும், நீர் கசிந்து கணுக்கால் வீங்கும். நாள் முழுக்க நடப்பவரைவிட நாள் முழுக்க நிற்பவருக்குக் கால் அதிகம் வீங்குவது இதனால்தான். ஆக, உங்கள் கால் கேட்பது ஓய்வை மட்டும் இல்லை, அசைவையும்தான்.

அரை மணிக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், 15 முறை. அப்புறம் குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். இது முன்னங்கால் எலும்பை ஒட்டிய தசைக்கு. சேலை மடித்துக்கொண்டே செய்யலாம், சூப்பர்வைசருக்குக் கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் படுத்து, கால்களைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

இறுக்கத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யும் நீட்சிப் பயிற்சி. ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி, முன்னால் சாய வேண்டும். முழங்கால் நேராக இருந்தால் மேல் தசை நீளும். ஆனால் அந்தத் தசை முழங்காலையும் கடந்து போவதால், முழங்காலை மடக்கியதும் தளர்ந்துவிடும், இழுவை சோலியஸுக்குப் போகும். பெரும்பாலானோர் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நிற்கும் வேலைக்காரர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. ஒவ்வொன்றும் 30 விநாடி, காலுக்கு 3 முறை. குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் குந்தி உட்கார முன்பு முடிந்து இப்போது முடியவில்லை என்றால், சோலியஸ் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இதையே படுக்கப் போகுமுன் செய்தால் இரவில் இழுப்பது குறையலாம். தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் ஆடுசதை ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும், அதில் சின்னதாக ஓர் அசைவு வந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்று கருதப்படுகிறது. இழுத்தால் முழங்காலை நேராக நீட்டி, விரல்களைக் கையால் உங்கள் பக்கம் இழுங்கள், அல்லது எழுந்து குதிகாலை அழுத்தி நில்லுங்கள். மக்னீசியம் மாத்திரையைப் பலர் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வயதானவர்களிடம் நடந்த ஆய்வுகளில் அதனால் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. உங்கள் சத்து மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால்தான் வேலை.

காலையில் குத்தும் குதிகால் இன்னொரு கதை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. பாத வளைவை அதுவும், உள்ளங்காலின் சின்னத் தசைகளும், கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து உட்கணுக்காலைச் சுற்றி இறங்கும் ஒரு தசையும் சேர்ந்து தாங்குகின்றன. கெண்டைக்கால் இறுகினால் அந்தப் பட்டைக்குச் சுமை கூடும். கடைக்குள் வெறுங்காலோடு கிரானைட் தரையில் நிற்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். மெத்தென்ற செருப்பு ஒன்றைக் கடைக்குள் போட அனுமதி கேளுங்கள், வீட்டிலும் போடுங்கள். கட்டிலை விட்டு இறங்குமுன் கால் விரல்களைப் பின்னால் வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், சில முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். சரியாக மாதங்கள் ஆகும், ஒரு வாரத்தில் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்றால் பயப்பட வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது.

ஒரே கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது வேறு விஷயம். சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம். அழுத்தித் தேய்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு காலிலும் வீக்கம் காலையிலும் வடியாமல் இருந்தால் இதயம், சிறுநீரகம், தைராய்டு பார்க்க வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் நிற்கும் என்றால் தமனி அடைப்பைச் சோதிக்க வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-ல். உங்கள் கடையில் ஸ்டூல் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். உட்கார்ந்தபடியும் குதிகாலைத் தூக்கி இறக்கலாம். முழங்கால் மடங்கியிருப்பதால் அந்த வேலையில் பெரும்பங்கு சோலியஸுக்குத்தான் போகும். மடியில் நாலு சேலைக் கட்டை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.