திமிங்கிலம் பார்க்கச் செல்வோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

இலங்கைச் சுற்றுலாவைப் பற்றி எழுதக் கேட்டு இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோயில்களையும் தேயிலைத் தோட்டங்களையும் விட்டுவிட்டுக் கடலையே சுற்றி வந்தன. எனவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் ஓங்கில்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் ஒதுக்கிவிட்டேன். ஓங்கில் என்றால் என்ன என்று கேட்கும் இளைய வாசகர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் டால்பின் என்று அழைக்கும் உயிருக்கு நம் மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

கேள்வி: பள்ளி விடுமுறையில், மே மாதம் மூன்றாம் வாரம், குடும்பத்துடன் இலங்கை செல்கிறோம். மிரிஸ்ஸ என்ற ஊரில் நீலத் திமிங்கிலத்தை உறுதியாகக் காட்டித் தருவதாகப் பயண முகவர் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: கட்ட வேண்டாம். மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் வருவது உண்மைதான். ஆனால் உங்கள் முகவர் சொல்லும் மாதம் அந்த ஊருக்குப் பொருந்தாது.

இலங்கைக் கடலின் போக்கைத் தீர்மானிப்பவை இரண்டு பருவக்காற்றுகள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறத் தொடங்கியதும் தீவின் தெற்குக் கரையும் மேற்குக் கரையும் கொந்தளிக்க ஆரம்பித்து, செப்டம்பர் வரை சிறு படகுகளுக்கு ஒவ்வாத நிலையிலேயே இருக்கும். அதே மாதங்களில் மறுபக்கத்திலுள்ள கிழக்குக் கரையின் கடல், குறிப்பாகக் காலை வேளைகளில், குளம்போல் கிடக்கும். கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் காற்று என்று சொல்வது இந்தக் காலத்துக் காற்றைத்தான். வடகிழக்குப் பருவக்காற்று வரும்போது கதை அப்படியே தலைகீழாகும். ஆகவே தெற்கே மிரிஸ்ஸவுக்கும் வடமேற்கே கற்பிட்டிக்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் நடு வரை செல்ல வேண்டும். மே, ஜூன், ஜூலை மாதங்களில் செல்பவர்கள் திருகோணமலைக்குத்தான் செல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை இந்த இரண்டு பருவங்களும் கைமாறும் நேரத்தில் வருவதால்தான் இத்தனை குழப்பம். உங்கள் பயணத்தைத் திருகோணமலைக்கு மாற்றுங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடியற்காலையில் படகுகள் புறப்படுகின்றன. அங்கே தமிழிலேயே பேரம் பேசலாம் என்பது கூடுதல் வசதி.

மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் கோடையில் துருவக் குளிர்நீருக்குச் சென்று தின்று, குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கடலுக்குத் திரும்புபவை. வட இந்தியப் பெருங்கடலில் வாழும் கூட்டமோ துருவத்தின் பக்கமே போவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்கிறது. இலங்கையைச் சேர்ந்த கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், 2003-இல் இந்தக் கடலில் ஒரே இடத்தில் ஆறு நீலத் திமிங்கிலங்களைக் கண்டபோது, நீரில் மிதந்த செந்நிறக் கழிவைக் கவனித்தார். வெப்பக் கடலுக்கு இவை இனப்பெருக்கத்துக்கு மட்டுமே வருகின்றன என்ற பாடம் அன்றே அவருக்கு ஐயத்துக்குரியதாயிற்று: தின்னாமல் கழிவு ஏது? பின்னர் அந்தக் கழிவை ஆராய்ந்தபோது, இவற்றின் உணவில் பெரும்பகுதி ஒருவகைச் சிற்றிறால் என்று தெரியவந்தது. நம் சந்தையில் சென்னாக்குன்னி என்று காயவைத்து விற்கிறார்களே, அதன் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள உடம்பு நம் வீட்டுக் கருவாட்டுச் சட்டியின் பண்டத்தைத் தின்று வளர்கிறது என்பதை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்; படகில் பொறுமையாக உட்காருவார்கள்.

"உறுதி" என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். திருகோணமலையிலும் எவரும் உறுதி தர முடியாது. அங்கே குறைந்தது இரண்டு காலைப் பொழுதுகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: சென்ற பிப்ரவரியில் மிரிஸ்ஸவில் ஐந்து மணி நேரம் கடலில் அலைந்தோம். ஒரே திமிங்கிலத்தைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட படகுகள். நாங்கள் பார்த்தது கருநீல முதுகின் ஒரு துண்டும், சில நொடிகள் தெரிந்த வாலும்தான். மனைவிக்கோ போகும்போதும் வரும்போதும் ஓயாத வாந்தி. ஏமாந்துவிட்டோமா?
– சேலம் வாசகர்

பதில்: திமிங்கிலம் உங்களை ஏமாற்றவில்லை. நீலத் திமிங்கிலம் மேலே வந்து சில நிமிடங்களுக்குள் பலமுறை மூச்சு விட்டுவிட்டு, ஆழம் செல்லும் கடைசி முழுக்கில்தான், அதுவும் மனமிருந்தால்தான், வாலைத் தூக்கும். பிறகு ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு அதைக் காண முடியாது. முழு உடம்பையும் நீருக்கு மேலே காட்டும் பழக்கம் அதற்கு இல்லை. விளம்பரப் படங்களில் வானத்தை நோக்கித் துள்ளும் திமிங்கிலம் பெரும்பாலும் கூன்முதுகுத் திமிங்கிலம் என்ற வேறு இனம். அந்தப் படத்தைக் காட்டி நீலத் திமிங்கிலப் பயணத்துக்குச் சீட்டு விற்பவர்மீது நீங்கள் கோபப்படலாம், அது நியாயம்.

படகுக் கூட்டத்தைப் பற்றிய உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2009-இல் போர் முடிந்தபின் சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது இத்தொழிலும் மிக வேகமாக வளர்ந்தது. ஒழுங்கு அதே வேகத்தில் வளரவில்லை. எதிரே சென்று வழியை மறிப்பதும், பின்னாலிருந்து துரத்துவதும், நாற்புறமும் சூழ்ந்துகொள்வதும் திமிங்கிலத்தின் மூச்சு நேரத்தைக் குறுக்கி, அதை அவசரமாக ஆழத்துக்கு அனுப்பிவிடுகின்றன. உண்பதற்காக வந்த இடத்தில் ஒவ்வொரு வீண் முழுக்கும் அதற்கு நட்டம். பணம் கொடுத்த உங்களுக்கும்தான். நல்ல படகோட்டி நூறு மீட்டர் தள்ளி, அது செல்லும் திசைக்கு இணையாகப் பக்கவாட்டில் மெதுவாகச் சென்று, இயந்திரத்தின் வேகத்தைத் தணித்துக் காத்திருப்பார். அதுவே தன் பாதையை மாற்றி நெருங்கி வந்தால் அது உங்கள் நல்வாய்ப்பு. அடுத்த முறை பணம் கொடுக்குமுன் "எவ்வளவு அருகில் கொண்டுபோவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்; "தொட்டுவிடலாம்" என்று பெருமையடிப்பவரை விட்டுவிட்டு, தூரத்தைச் சொல்லித் தயங்குபவரின் படகில் ஏறுங்கள்.

அந்தத் திமிங்கிலத்துக்குப் படகுகளைவிடப் பெரிய ஆபத்து இன்னும் சற்றுத் தெற்கே இருக்கிறது. தீவின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கு அப்பால் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்று செல்கிறது. சரக்குக் கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் இறப்பது அங்கே நீண்ட நாள் துயரம். அந்தப் பாதையைச் சற்றுத் தெற்கே தள்ளினாலே மோதல் பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தி வந்தார்கள். 2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரும் சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பிச் செலுத்தத் தொடங்கியது.

உங்கள் மனைவிக்கு: வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்தபின் விழுங்கினால் பயன் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் அமர்ந்து, கைப்பேசித் திரையைப் பார்க்காமல் தொடுவானத்தையே பார்த்து வரவேண்டும்.

கேள்வி: என் மைத்துனர் வெளிநாட்டுத் தீவு ஒன்றில் ஓங்கில்களோடு நீந்தினாராம். கற்பிட்டியில் நூற்றுக்கணக்கில் வரும் என்கிறார்கள். அங்கே நாமும் கடலில் இறங்கி நீந்தலாமா?
– மதுரை வாசகர்

பதில்: கற்பிட்டிக் கடலில் பெருங்கூட்டமாக வருபவை சுழல் ஓங்கில்கள். நீரிலிருந்து எகிறி, பம்பரம்போல் தம்மைத் தாமே பல சுற்றுச் சுற்றி விழுவதால் அந்தப் பெயர். படகின் முன்முனை எழுப்பும் அலையில் அவையே விரும்பி வந்து சறுக்கும். பயணிகள் கைதட்ட, அவையும் விளையாட, இருபுறமும் மகிழ்ச்சி என்றே தோன்றும். ஆயினும் இறங்கி நீந்த வேண்டாம் என்பதே என் விடை.

இவை இரவில் உழைப்பவை. ஆழத்திலிருந்து இரவில் மேலே ஏறிவரும் சிறுமீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்தாக வேண்டிய உயிர் என்பதால், மூளையின் ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருக்க, கூட்டமாக மெல்ல நீந்திக்கொண்டே தூங்கும். நமக்கு அமைதியாக நீந்துவதுபோல் தெரிவது அவற்றின் படுக்கையறையாக இருக்கலாம். ஹவாய்த் தீவுகளில் இது நன்கு ஆராயப்பட்டது. அங்கே பகலில் விரிகுடாக்களில் உறங்கவரும் ஓங்கில்களைச் சுற்றுலா நீச்சல்காரர்கள் ஓயாமல் எழுப்பியதால், கரையை ஒட்டிய கடலில் அவற்றை ஐம்பது கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று அமெரிக்க அரசு 2021-இல் விதித்தது. உங்கள் மைத்துனரின் அனுபவம் எந்தத் தீவில் என்று நீங்கள் எழுதவில்லை; ஹவாயாக இருந்தால் இன்று அது சட்டமீறல். இலங்கையிலும் கடல் பாலூட்டிகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சிறப்பு அனுமதியின்றி அவற்றோடு நீந்துவதற்கு இடமில்லை. "கொஞ்ச நேரம் இறங்குங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று படகுக்காரர் சொன்னாலும் அமர்ந்தே பாருங்கள். சுழல் ஓங்கிலின் துள்ளல் படகிலிருந்துதான் நன்றாகத் தெரியும். நீருக்குள் இறங்கினால் நீங்கள் பார்ப்பது விலகிப்போகும் வால்களை.

கேள்வி: திமிங்கிலம் படகைக் கவிழ்த்துவிடாதா?
– தஞ்சாவூர் மாணவர்

பதில்: தானாக வந்து கவிழ்க்காது. தலைக்கு மேலேயோ குட்டிக்கும் தாய்க்கும் இடையிலேயோ படகைச் செலுத்தினால் ஆபத்து உண்டு. அப்போதும் பிழை படகின்மீதே.

கேள்வி: அந்தக் கடற்கரையில் அம்பர் கிடைத்தால் ஊருக்கு எடுத்து வரலாமா? கோடிக்கணக்கில் விலை போகுமாமே!
– தூத்துக்குடி வாசகர்

பதில்: அம்பர் என்பது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். உங்கள் மாவட்டச் செய்தித்தாளைப் புரட்டினாலே கைதானவர்களின் படம் கிடைக்கும். கண்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. மூட்டுவலியால் படகில் ஏற இயலாது. கரையிலிருந்தே திமிங்கிலத்தைப் பார்க்க வழி உண்டா?
– திருச்சிராப்பள்ளி வாசகி

பதில்: உண்டு அம்மா, அதுவும் கோயில் வாசலிலேயே. திருகோணமலையில் கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாய்வரைக்கும் வந்திருப்பதால், ஆழ்கடல் கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. திமிங்கிலங்களும் அந்த அளவுக்குக் கரையை நெருங்குகின்றன. 1980-களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இலங்கையின் திமிங்கிலங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் இந்தக் கடலிலிருந்துதான்.

கோயிலுக்குச் சற்றுத் தூரம் ஏறி நடக்க வேண்டியிருக்கும், நிதானமாகச் செல்லுங்கள். காலை வழிபாடு முடிந்ததும், வெயில் ஏறுமுன், நிழலுள்ள இடமாகப் பார்த்து அமர்ந்து, முடிந்தால் ஓர் இருகண் நோக்கியுடன் கடலை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். முதுகைத் தேட வேண்டாம், மூச்சைத் தேடுங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயரத்துக்கு நேர்கம்பமாக எழும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சோ தாழ்வாக, இடப்பக்கம் சாய்ந்து, முன்னோக்கிச் சீறும். அது முழுகினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது, எனவே அதற்காகக் காத்திருக்காதீர்கள். நேராக எழும் வெண்புகையைக் கண்டால் அதே இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அரை நிமிடத்துக்குள் பெரும்பாலும் இன்னொன்று எழும்.